நான் காட்டாத வீடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் பரீதா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அவள் வேலையில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். வீடு ஏதாவது அமைந்ததா என்று கேட்டேன்.

"எங்க ஆபீஸ்ல ஒரு சார் இருக்கார் அத்தா. ரொம்ப நல்லவர். நீ அலையாதம்மா, நானே பாத்துச் சொல்றேன்னுட்டார். அவரும் பாத்துக்கிட்டேதான் இருக்கார். எங்கயும் காலி இல்லையாம்."

அவள் பேசிக்கொண்டே போனாள். நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். 'எங்கயும் காலி இல்லை' என்ற பதில் எனக்கு நன்றாகத் தெரியும். அதே நல்ல மனதோடு, அதே கனிவான குரலில் நானே பல வருடம் சொல்லியிருக்கிறேன்.

ஓசூரில் ஒரு இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையின் பர்சனல் டிபார்ட்மென்டில் வேலை பார்த்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பிறகு வெல்ஃபேர் அசிஸ்டென்ட் ஆனேன். போன வருடம் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். இப்போது அங்கே வேலை பார்க்கும் இளைஞர்கள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷை, எத்தனையோ சாதி, எங்கெங்கோ இருந்து வந்த ஆட்கள். இவர்களையெல்லாம் ஒரே கேன்டீனில் உட்காரவைத்து எப்படிப் பேசவைத்தீர்கள் என்று கேட்பார்கள். நானும் பெருமையாகச் சொல்வேன். ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

என் அத்தா கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தார். நான் பி.காம். முடித்ததும் மண்டியில் உட்காராமல் வேலைக்கு வந்தேன். முதல் மூன்று வருடம் டைம் ஆபீஸில் பஞ்ச் கார்டும் லீவ் லெட்டரும் பார்த்தே கழிந்தன. மண்டியில் பழகிய கன்னடமும் தெலுங்கும்தான் என்னை டைம் ஆபீஸிலிருந்து மேலே கொண்டுவந்தன. வேறு பெரிய தகுதி எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

சேர்ந்த புதிதில் எனக்கும் ஜமீலாவுக்கும் கல்யாணமாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கி வீடு தேடினோம். எல்லோரும் முதலில் சிரித்துத்தான் பேசினார்கள். 'உங்க பேரு?' என்று கேட்பார்கள். சொன்னதும் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, 'சாயந்தரம் சொல்றோம்' என்பார்கள். ஆறாவது வீட்டில் அந்த அம்மாள் கதவை மூடும்போது ஜமீலா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, இனிமே நீங்க மட்டும் போய்க் கேளுங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றாள். தெருவில் போகிறவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். என் கம்பெனிக்கு வரும் எவனுடைய மனைவியும் இப்படிப் பெட்டி மேல் உட்காரக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்திலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

வெல்ஃபேர் அசிஸ்டென்ட் ஆனதும் ஒரு வீட்டு ரெஜிஸ்டர் போட்டேன். மூக்கண்டப்பள்ளியில் நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்தவர்கள் பலர் மிச்ச இடத்தில் லைன் வீடுகள் கட்டியிருந்தார்கள். வரிசையாக ஐந்து வீடு, ஆறு வீடு, பொதுவாக ஒரு கிணறு. நான் சைக்கிளில் போய் ஒவ்வொரு ஓனரையும் பார்த்துப் பேசினேன். கம்பெனிச் சீட்டோடு வருகிறவர்களுக்கு மட்டும் வீடு கொடுங்கள், ஏதாவது தகராறு என்றால் நான் பொறுப்பு என்றேன். அவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. புதிதாக வருகிற தொழிலாளி என்னிடம் வருவான். நான் அவன் ஃபைலைப் பார்ப்பேன். ரெஜிஸ்டரைத் திருப்பி ஒரு ஓனர் பெயரைச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அவன் நேரே போய்ச் சாவி வாங்கிக்கொள்வான். சீட்டில்லாமல் போனால் அந்தப் பக்கம் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

சில ஓனர்களின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். இங்கே எல்லோரையும் அனுப்பக் கூடாது என்று அதற்கு அர்த்தம். எந்த ஓனரும் இன்ன சாதிக்காரன் வேண்டாம் என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. கிட்டப்பா என்று ஒரு ஓனர் இருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்; அவர் நிலத்தின் மேல்தான் எங்கள் தொழிற்சாலையின் பின்பக்கச் சுவர் ஓடுகிறது. போகும்போதெல்லாம் "ஊட்டா ஆய்த்தா பாய்?" என்று சாப்பாட்டை விசாரிப்பார். ஒருமுறை அவர், "ஆளைப் பாத்து அனுப்பு பாய். உனக்குத் தெரியாததா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அலுவலகத்துக்கு வந்து அவர் பெயருக்கு ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி வைத்த வீடுகளில் எனக்கே இடம் கிடைத்திருக்காது. அதனால் அது தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. யாரும் வாசலில் நின்று அவமானப்படவில்லை. ஒரு புகார்கூட வரவில்லை.

எங்கள் பர்சனல் மேனேஜர் நாராயணன் சார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருவர் புகார் சொல்ல வந்தால் பேனா மூடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். எழுத மாட்டார். சொல்லி முடித்த பிறகு, "இதுல நீங்க பாத்தது எது, கேள்விப்பட்டது எது?" என்பார். பாதிப் பேர் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் கேன்டீனில் ஒரு அடிதடி நடந்தது. உள்ளூர்ப் பையன்கள் ஒரு பக்கம், தெற்கேயிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். எங்கள் நிலத்தில் வந்து எங்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று இவர்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழ் பேச வராதா என்று அவர்கள். அதற்கடியில் சாதி கிடந்தது. யார் பெஞ்சில் யார் உட்காருவது என்பது வரைக்கும் அது போயிருந்தது. நாராயணன் சார் யாருக்கும் மெமோ கொடுக்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஜெனரல் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் கூட்டம் என்றார்.

பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொன்னார். அவர் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரத்தில் உட்கார்ந்தார். அவர் வைத்த விதிகள் கொஞ்சம்தான். எந்தப் பாஷையிலும் பேசலாம், சையது மொழிபெயர்ப்பார் என்று என்னைக் காட்டினார். தனக்கு நடந்ததை மட்டும் பேசலாம், ஊரில் நடப்பதைப் பற்றிப் பேசக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் உடனே பதில் சொல்லக் கூடாது. எதிராளி சொன்னதை அவர் முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எதுவும் எழுதப்படாது.

முதல் கூட்டத்தில் நாகராஜ் என்ற உள்ளூர் ஃபிட்டர் எழுந்தார். "நான் தமிழ் பேசினா கவர்மென்ட் பஸ் கியர் மாத்தற மாதிரி இருக்குன்னு இந்த ஆளு சொல்றான் சார். தினமும் சொல்றான்."

அந்த ஆள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருப்பிச் சொல்ல வேண்டும் என்றதும் அவருக்கு வேர்த்துவிட்டது. "அண்ணாச்சி தமிழ் பேசினா... கவர்மென்ட் பஸ்ஸு... கியரு..." என்று அவர் இழுக்க, "பாத்தியா, உன் வண்டியும் ஏற மாட்டேங்குது!" என்றார் நாகராஜ். கேன்டீனே சிரித்தது. அப்படித்தான் ஆரம்பித்தது. பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெஞ்சுகள் கலந்தன. வெளி ஆட்களையும் கூப்பிடத் தொடங்கினோம். கடைக்காரர்கள், வீட்டு ஓனர்கள் வந்தார்கள். நான் மூன்று பாஷையிலும் மாறி மாறிப் பேசினேன். எல்லோருடைய வார்த்தையும் என் வாய் வழியாகப் போய்வந்ததில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாதேசன் வேலைக்கு வந்தார். பர்கூர்க்காரர். அப்பா கல் குவாரியில் கல் உடைத்தவர். அந்தக் குடும்பத்தில், அந்தத் தெருவிலேயே, முதலில் ஐ.டி.ஐ. படித்தவர் இவர். ஆறு மாதம் புரொபேஷன். லேத்தில் நல்ல கை என்று சூப்பர்வைசரே சொன்னார். மனைவி இரண்டு மாதக் கர்ப்பம். வீட்டில் வேறு பெண் துணை கிடையாது. அதனால் தினமும் பர்கூரிலிருந்து வந்து போனார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. பர்கூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கிருஷ்ணகிரியில் மாறி, ஓசூரில் இறங்கி ஓடி வந்தாலும் ஆறே காலுக்குத்தான் கார்டை பஞ்ச் செய்ய முடியும்.

சேர்ந்த இரண்டாம் நாளே என்னிடம் சீட்டுக் கேட்டார். ஃபைலைப் பார்த்தேன். சாதிச் சான்றிதழ் இருந்தது. ரெஜிஸ்டரைத் திருப்பினேன். புள்ளியில்லாத வீடுகள் எல்லாம் நிறைந்திருந்தன. கிட்டப்பாவின் லைனில் இரண்டு வீடு காலியாக இருந்தது.

"பாத்துக்கிட்டே இருக்கேன்பா. எங்கயும் காலி இல்ல" என்றேன்.

"சரிங்க சார். காலியானா மொதல்ல எனக்குச் சொல்லுங்க சார்."

ஒவ்வொரு வாரமும் கேட்டார். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னேன். லேட் மார்க் சேர்ந்துகொண்டே போனது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார், கேட்பதை நிறுத்தவில்லை. ஆறு மாதம் முடிவதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் கூட்டம் வந்தது. திங்கட்கிழமை அவருடைய புரொபேஷன் ரிப்போர்ட் போக வேண்டும்.

அன்றைக்கு வீட்டு ஓனர்களைக் கூப்பிட்டிருந்தோம். கிட்டப்பா வெள்ளைச் சட்டையில் வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாடகை, தண்ணீர், சத்தம் என்று பேச்சு ஓடியது. மாதேசன் கையைத் தூக்கினார்.

"எனக்கு ஆறு மாசமா வீடு கெடைக்கல சார். பக்கத்து மெஷின்ல இருக்கிற அண்ணன் எனக்கப்புறம் சேந்தவரு. அவருக்கு வந்த வாரமே கெடச்சுது."

"யார் உங்களுக்கு இல்லைன்னு சொன்னது?" என்றார் நாராயணன் சார்.

"ஓனருங்க யாரும் சொல்லல சார். சொன்னாங்கன்னு சொன்னா அது பொய். நான் யாரு வீட்டுக் கதவையும் தட்டுனதே இல்ல. தட்டறதுக்குச் சீட்டு வேணும். சையது சார் குடுக்கல." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். "எனக்கு நடந்தது அவ்வளவுதான் சார்."

நாராயணன் சார் என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் சையது. அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் சீட்டுக் கேட்டார், நான் கொடுக்கவில்லை என்றேன். அதோடு முடியவில்லை. கிட்டப்பா, "ஏனந்த்தே? என்ன சொல்றான்?" என்று என்னையே கேட்டார். மொழிபெயர்க்க வேண்டியவன் நான்தான். அதையே கன்னடத்தில் சொன்னேன். பிறகு தெலுங்கில். மூன்றாவது முறை சொல்லும்போது எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. யாரோ தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்கள். யார் என்று பார்க்கத் தைரியமில்லை.

கிட்டப்பா எழுந்தார். "இவனை என்கிட்ட கூட்டிக்கிட்டே வரலையே பாய்! என் வீடு ரெண்டு சும்மா பூட்டிக் கெடக்குது. நான் எப்ப வேணான்னேன்? நீயே என் பேருல முடிவு பண்ணிட்டியா?"

"நீங்கதானே ஆளைப் பாத்து அனுப்பச் சொன்னீங்க" என்றேன்.

"ஆமா, சொன்னேன். குடிகாரனை அனுப்பாதேன்னு சொன்னேன்."

அவர் அன்றைக்கு நினைத்தது குடிகாரனைத்தானா என்று எனக்குத் தெரியாது. நான் அவரைக் கேட்டதில்லை. நாராயணன் சார் ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தைத் திருப்பி, "இந்தப் புள்ளி என்ன?" என்றார். அதையும் மூன்று பாஷையில் சொன்னேன். என் தப்புதான், திங்கட்கிழமை சீட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வழக்கமாகப் பெஞ்சுகளை எடுத்துப் போட நாலு பேர் நிற்பார்கள். அன்றைக்கு நானே ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன்.

நாராயணன் சார் மட்டும் வாசலில் நின்றார். "அந்த ரெஜிஸ்டர்ல மாசா மாசம் நானும் இனிஷியல் போட்டிருக்கேன். புள்ளியைப் பாத்திருக்கேன், கேட்டதில்லை" என்றார். பிறகு, "அவரோட ரிப்போர்ட் உங்ககிட்ட இருந்துதான் போகுது. நான் திங்கட்கிழமை மெட்ராஸ்ல இருப்பேன். நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க. வந்து நான் பாத்துக்கறேன்."

ரிப்போர்ட்டில் 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. கம்பெனியின் வெல்ஃபேர் அசிஸ்டென்ட் காலியாக இருந்த வீட்டைக் காட்டவில்லை என்று நான் எழுதியிருக்க வேண்டும். அப்போது பரீதா இரண்டாம் வகுப்பு. அப்படி எழுதி என் வேலை போனால், பெட்டியோடும் குழந்தையோடும் மறுபடி தெருவில் நிற்பதுபோல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், 'ஓசூரில் வீடு கிடைக்காததால்' என்று எழுதினேன். பொய்யில்லை. அந்த வாக்கியத்தில் நான் இல்லை, அவ்வளவுதான்.

மேனேஜர் ஊரில் இல்லாததால் ரிப்போர்ட் நேரே ஒர்க்ஸ் மேனேஜரிடம் போனது. கூட்டத்தில் பேசியது எதுவும் எழுதப்படாது என்பதால் அவருக்கு என் வாக்கியம் மட்டும்தான் தெரியும். வீடு கிடைக்காதது தொழிலாளியின் சொந்தப் பிரச்சினை என்று சொல்லி, வேலையில் உறுதி செய்ய முடியாது என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் கொடுப்பதாகச் சொன்ன சீட்டுக்கு அதன் பிறகு தேவை இருக்கவில்லை. நாராயணன் சார் திரும்பி வந்து ஒரு வாரம் மேலே பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. அந்த ரிப்போர்ட்டின் நகலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை. அவர் ரிடையர் ஆகும்வரை என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

மாதேசன் யூனிஃபார்மையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்க என்னிடம்தான் வர வேண்டியிருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

"சார், ஒரு உதவி. அந்த வீடு எதுன்னு காட்டறீங்களா?" என்றார்.

"இனிமே எதுக்கு மாதேசா?"

"பாக்கணும் சார்."

இருவரும் நடந்து போனோம். சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு வந்தேன். பின்பக்கச் சுவர் ஓரமாகப் போனால் பத்து நிமிடம்கூட இல்லை. கிட்டப்பாவின் லைன் வீடுகளைத் தூரத்திலிருந்து காட்டினேன். அவர் நிற்கவில்லை. நேரே போய்க் கிட்டப்பாவின் கதவைத் தட்டினார். நான் ரோட்டிலேயே நின்றேன்.

கிட்டப்பா வந்தார். என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"வீடு இருக்குங்களா?" என்றார் மாதேசன்.

கிட்டப்பா கொஞ்சம் யோசித்தார். "இருக்குது. கடைசி வீடு. வேணும்னா இன்னிக்கே வா." பிறகு துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "கிணத்துல மட்டும் நீங்க சேந்த வேணாம். என் மக எறைச்சு ஊத்துவா" என்றார்.

"ஏன், நாங்க சேந்துனா வத்திப் போயிருமா?"

"என்னப்பா, வந்ததும் வம்பு பேசற?"

"வம்பு நீங்கதான பேசறீங்க. வாடகை குடுக்கறேன், வாளி என்னுது. தண்ணி நானே சேந்திக்கறேன்."

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல வந்து சேரு" என்றார் கிட்டப்பா. குரலில் கோபம் பெரிதாக இல்லை. ஒரு வீட்டு ஓனரும் ஒரு வாடகைக்காரரும் பேசுகிற பேச்சு போலத்தான் இருந்தது.

"இப்ப வேணாங்க. வேலை போயிருச்சு" என்று சொல்லிவிட்டு மாதேசன் திரும்பி வந்தார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனேன். "அந்தக் கிணத்து விஷயம்... அதுக்காகத்தான் மாதேசா நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அது எனக்கும் அவருக்கும் சார்" என்றார். "பத்து நாள்ல நான் ஜெயிச்சிருப்பேன். இல்ல, தோத்துருப்பேன். சண்டை போடறதையாவது எனக்கு விட்டிருக்கலாம்ல சார்?"

கிருஷ்ணகிரி பஸ் வந்தது. உள்ளே இடம் இருந்தது. அவர் உட்கார்ந்து மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பர்கூர் வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கிக் கேட்கலாம் என்று நினைப்பேன். இறங்கியதில்லை.

அன்று மாலை ஜமீலா காபி கொண்டுவந்து வைத்தாள். மாதேசன் வீடில்லாமல் அலைவதை முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"ஏங்க, அந்த பர்கூர்ப் பையனுக்கு வீடு கெடச்சுதா?"

"கெடச்சுது" என்றேன்.

"அல்லாஹ் காப்பாத்தினான். மாசமா இருக்கிற பொண்ணு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். மீதியை நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை.